மோட்டார்ப் புகையும் வினையூக்கியும்

மனிதன் தன் வசதிக்காகப் படைத்த சாதனங்களுள் மோட்டார்க் காருக்குத் தனியிடம் உண்டு. ஆயின் அதன் பின்னால் வெளிவரும் புகை அவன் மூச்சுக்கே பகையாயிற்று. அப்பகையைத் தணிக்கக் கார் உற்பத்தியாளர்கள் மேற்கொண்ட முயற்சிகளை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

புகையில் இருப்பவை

பெட்ரோல் முற்றும் எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் மட்டுமே உண்டாக வேண்டும். எஞ்சினுள் அவ்வாறு நிகழ்வதில்லை. அரைகுறையாக எரிந்த பெட்ரோல் கார்பன் மோனாக்சைடாகவும், எரியாத பெட்ரோல் ஹைட்ரோகார்பனாகவும் வெளியேறுகின்றன. மிகுந்த வெப்பத்தால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிவதாலேயே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் உண்டாகிறது என்பதை, 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்னும் அறிஞர் நிறுவினார்.

சட்டமும் சவாலும்

1970-இல் அமெரிக்கா இயற்றிய தூய காற்றுச் சட்டம், கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் 1975-ஆம் ஆண்டுக் கார்களில் 90 விழுக்காடு குறைக்கப் பணித்தது. இயலாதென்று அங்குள்ள பெரிய நிறுவனங்கள் முறையிட்டுக் காலக்கெடுவை நீட்டித்துக்கொண்டன. ஜப்பானின் ஹோண்டா நிறுவனமோ 1972-இல் புதிய எஞ்சின் ஒன்றை அறிவித்தது. சிற்றறையில் பெட்ரோல் மிகுந்த கலவையைப் பற்றவைத்து, அத்தழலால் பேரறையிலுள்ள பெட்ரோல் குறைந்த கலவையை நன்கு எரியச் செய்வதே அதன் தத்துவம். வினையூக்கியின் துணையின்றியே சட்டம் கேட்ட அளவை அது எட்டியது.

வினையூக்கிப் பெட்டி

ஏனையோருள் பெரும்பாலோர் 1975-ஆம் ஆண்டுக் கார்களின் புகைக்குழாயில் வினையூக்கிப் பெட்டியைப் பொருத்தினர். பெட்டியிலுள்ள பிளாட்டினமும் பல்லேடியமும் நச்சு வாயுக்களைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றின. ஆனால் எஞ்சின் தட்டாதிருக்கப் பெட்ரோலில் கலந்துவந்த ஈயச் சேர்மம், வினையூக்கியின்மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்தது. ஆகவே ஈயமற்ற பெட்ரோல் தேவையாயிற்று. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சொன்று இவ்வாறு காற்றிலிருந்து விலகத் தொடங்கியது பெரும் நன்மையாகும்.

பின்னர் ரோடியமும் சேர்ந்து, நைட்ரஜன் ஆக்சைடையும் சிதைக்கும் மும்முனை வினையூக்கி வந்தது. இதற்குப் பெட்ரோலின் ஒரு பங்குக்குக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு என்னும் எடை விகிதம் மாறாதிருக்க வேண்டும். புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து இவ்விகிதத்தைக் காக்கும் உணர்கருவியை வால்வோ நிறுவனம் தன் 1977-ஆம் ஆண்டுக் கார்களில் அமைத்தது. நம் நாட்டில் 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி கட்டாயமாயிற்று. 2000-இல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது.

எஞ்சிய கடன்

நஞ்சை மாற்றிய வினையூக்கி, புவியை வெப்பமாக்கும் கரியமில வாயுவைத் தடுக்கவில்லை. அதற்கெனவே கலப்பின எஞ்சின்களும் மின்கலக் கார்களும் வந்துள்ளன. இதற்கிடையே, சோதனையின்போது மட்டும் புகையைக் குறைக்கும் கணிப்பொறி நிரலை வோக்ஸ்வேகன் நிறுவனம் சுமார் 1.1 கோடி டீசல் கார்களில் புகுத்தியிருந்தது 2015-இல் வெளிப்பட்டது. அறிவியல் வழிகாட்டும், சட்டம் அவ்வழியில் நடக்கச் செய்யும். நேர்மை இல்லையேல் இரண்டும் பயன் தாரா என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம்.