பூ கொட்டுதா? செடியைச் சுண்டிவிடுங்க!

கோயமுத்தூரில் மொட்டை மாடித் தொட்டியில் தக்காளி வைத்தவர்கள் பலருக்கும் இந்தக் கவலை உண்டு: பூ கொத்துக் கொத்தாக வருகிறது, காம்பு மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது.

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால் ஒரே செடி போதும். ஆனால் மகரந்தம் பூவின் நடுவிலுள்ள மஞ்சள் குழலுக்குள் அடைபட்டிருக்கும், அதிர்ந்தால்தான் கொட்டும். தோட்டத்தில் காற்றும், ரீங்காரமிட்டுப் பூவை உலுக்கும் கருவண்டும் அதைச் செய்கின்றன. சுவர் மறைத்த மாடியில் நீங்கள்தான் செய்ய வேண்டும். காலை 10 மணிவாக்கில், இதழ் பின்னால் மடங்கி விரிந்த பூக்கொத்தின் காம்பை விரலால் நாலைந்து முறை சுண்டுங்கள். பேட்டரி பல் பிரஷ் இருந்தால், ஓடவிட்டு அதன் முதுகைக் காம்பில் 2 நொடி வையுங்கள், இன்னும் நல்லது. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். காய் பிடித்த பூவில் இதழ் காய்ந்ததும் பச்சை மணி தெரியும்.

சித்திரை வெயிலில் இதுவும் அவ்வளவாகப் பலிக்காது. 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழக்கும்; மதியத்துக்கு நிழல்வலை கட்டுங்கள். இலை கருகருவென்று தழைத்தும் காய் இல்லையென்றால் யூரியாவை நிறுத்துங்கள். பூக்கும்போது பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம்.

ஐப்பசியில் விதையுங்கள், மார்கழி, தைக் குளிரில் பூ நன்றாகப் பிடிக்கும்.