ஆமைக்காக அழுதால் ஈமான் குறையுமா?



சென்ற பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் திரெங்கானு சென்றிருந்தேன். ரந்தாவ் அபாங் கடற்கரையில் என் இளையவன், "ஆமை எங்கே வாப்பா?" என்று கேட்டான். பதில் சொல்ல வாயெடுத்தவனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கூட வந்த நண்பர், "என்ன பாய், மனிதர் செத்துக்கொண்டிருக்கிற காலத்தில் ஆமைக்கா அழுகிறீர்? எல்லாம் தக்தீர். ஸபுர் செய்யும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் அந்தச் சொல் என்னை விடவில்லை. ஊர் திரும்பியதும் கிதாபுகளைப் புரட்டினேன், ஹஜ்ரத்திடமும் கேட்டேன்.

முதலில் ஆமையின் கதை. அந்தக் கரைக்குப் பேர் தந்தது, மலாய்க்காரர் பென்யு பெலிம்பிங் என்று அழைக்கும் பேராமை. அதன் முதுகில் கெட்டியான ஓடு கிடையாது. கறுத்த தோலும், நீளவாட்டில் ஏழு வரிகளும் உண்டு. வரிவரியான பெலிம்பிங் பழத்தை ஒத்திருப்பதால் அந்தப் பெயர். 1950-களில் திரெங்கானுக் கரையில் ஓராண்டில் பத்தாயிரம் முறைக்கு மேல் அது ஏறிவந்து முட்டையிட்டதாகக் கணக்கிருக்கிறது. 1995-இல் அது நாற்பதுக்கும் கீழே போயிற்று. இப்போது ஒன்று வந்தாலே அதிசயம். பல பத்தாண்டுகளாக இட்ட முட்டையெல்லாம் தோண்டி விற்கப்பட்டது. வளர்ந்தவை மீன்வலைகளில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தன. பொரிப்பகம் வைத்துக் காக்க முனைந்தபோதும் ஒரு சங்கடம் இருந்தது. குஞ்சு ஆணா பெண்ணா என்பது மணலின் சூட்டைப் பொறுத்தது; சூடு மிகுந்தால் எல்லாம் பெண்ணாகவே பொரிக்கும். 1988-இல் அக்கரையைக் காப்பிடமாக ஆக்கினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இதில் என் கையும் உண்டு. சிறுவயதில் விடுமுறைகளை டுங்குனில் சாச்சாவின் மளிகைக் கடையில் கழிப்பேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் ஆமை முட்டை இருக்கும். பிங்பாங் பந்துபோல் வெளேரென்றிருக்கும், அழுத்தினால் குழியும், எவ்வளவு வேகவைத்தாலும் வெள்ளைக்கரு இறுகாது. பத்துப் பத்தாக எண்ணிக் காகிதப் பையில் போடுவது என் வேலை. (அதை உண்ண ஆகுமா என்ற மஸ்அலாவை ஆலிம்களுக்கு விடுகிறேன்.) எந்த ஆமையின் முட்டை எது என்று நான் கேட்டதில்லை. அக்காலத்தில் அது யாருக்கும் தவறாகப் படவில்லை. எல்லா ஆமை முட்டை விற்பனைக்கும் திரெங்கானுவில் தடை வந்தது 2022-இல்தான். மகன் கேட்டபோது அந்தப் பைகள்தாம் என் கண்முன் வந்தன.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். மஸ்ஜிதுன் நபவியில் மிம்பர் அமைக்குமுன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பேரீச்சமரத் தண்டில் சாய்ந்து குத்பா ஓதுவார்கள். மிம்பர் வந்ததும் அத்தண்டு தேம்பி அழுததும், பெருமானார் இறங்கி வந்து அதை அணைத்து அமைதிப்படுத்தியதும் ஹதீஸில் வந்துள்ளன. கட்டைக்கு என்ன அழுகை என்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. மனிதரைப் பிரிந்து மரம் அழலாமென்றால், கடலுயிரைப் பிரிந்து மனிதன் அழுவதில் வெட்கமென்ன?

ஸபுரைப் பற்றியும் சொல்லவேண்டும். யூஸுஃப் நபியை இழந்த யஃகூப் நபி (அலை) அழகிய பொறுமையைக் கைக்கொண்டார்கள். அவர்களே துக்கத்தால் கண் வெளுத்தும் போனார்கள். அப்படியிருக்க, கண்ணீரை விழுங்குவதுதான் ஸபுர் என்று நாம் பழகிக்கொண்டது எப்படியோ தெரியவில்லை. தம் துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். எனக்கும் தஹஜ்ஜுத் தொழுகைக்குப் பின் முட்டைக் கணக்கு உட்பட வாய்விட்டுச் சொன்ன பிறகே நெஞ்சு கொஞ்சம் இறங்கிற்று.

ஹஜ்ரத் இன்னொன்றைக் காட்டித் தந்தார். எத்தனையோ முறை ஓதியும் நான் கவனியாதது. முறையிட்ட அதே மூச்சில் யஃகூப் நபி தம் மக்களை நோக்கி, யூஸுஃபைத் தேடிப் போகும்படியும் இறைவனின் ரஹ்மத்தில் நிராசை கொள்ளாதிருக்கும்படியும் பணிக்கிறார்கள். தேடப் போனவர்கள் யார்? கிணற்றில் தள்ளிய அந்தப் பிள்ளைகளேதான்! அவர் இதைச் சொன்னபோது நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

பெலிம்பிங் திரும்பி வரும் என்று நான் சொல்லவில்லை. யூஸுஃப் நபி கிடைத்தார்கள். இது கிடைக்காமலே போகலாம். அப்படியானால் இந்தத் துக்கம் என்னோடு இருக்கும், இருக்கட்டும். ஆனால் பச்சை ஆமை இன்னும் வருகிறது. ரெடாங் தீவின் சாகார் ஹூத்தாங் கரையில் மலேசியா திரெங்கானு பல்கலைக்கழகத்தார் 1993 முதல் அதைக் காத்து வருகிறார்கள். வெளியாரும் ஒரு வாரம் தங்கி உதவலாம். என் மூத்த மகன் பெயர் கொடுத்திருக்கிறான். இரவில் காவல் இருப்பதும் முட்டைக் குழிகளைக் குறித்து வைப்பதும் வேலையாம். தகப்பனும் கூட வரலாமா என்று கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வாரம் கடையைத் தம்பி பார்த்துக்கொள்வார்.