போனைக் கவிழ்த்து வைத்த பிறகு

பொறியியல் இரண்டாம் ஆண்டில் 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' பாடத்தில் எனக்கு அரியர் விழுந்தது. அந்த செமஸ்டரில் நான் சும்மா இருக்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு விடுதி வைஃபை வேகம் பிடித்ததும் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு மணி வரை என்பிடெல் இணைய வகுப்புகள்தான். எம்.ஐ.டி. பேராசிரியர் ஆலன் ஓப்பன்ஹைம் 1987இல் எடுத்த வகுப்புகளையும் பார்த்தேன். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது. தேர்வறையில் பேனா நகரவில்லை.

அரியருக்குப் படித்துக்கொண்டிருந்த நாள்களில் ஒரு மாலை, நூலகத்தில் கன்வல்யூஷன் அனிமேஷன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிக்னலைத் திருப்பி, இன்னொன்றின் மேல் நகர்த்தி, இரண்டையும் பெருக்கி, வரும் பரப்பைக் கணக்கிடும் முறை அது. ஒரே அகலமுள்ள இரண்டு செவ்வகத் துடிப்புகளிலிருந்து முக்கோணம் ஒன்று எழுந்தது. பக்கத்தில் இருந்த இறுதியாண்டு அக்கா கேட்டார்:

"புரியுதா தம்பி?"

"புரியுதுக்கா."

"அப்போ போனைக் கவுத்து வை. ஒண்ணோட அகலம் ரெண்டு, இன்னொண்ணோட அகலம் நாலு. வரைஞ்சு காட்டு."

நான் முக்கோணம் வரைந்தேன். விடை சரிவகம். சின்னத் துடிப்பு முழுவதும் பெரியதற்குள் இருக்கும் நேரம் வரை பரப்பு மாறாது. அதனால் உச்சி தட்டையாகிவிடும். பத்து முறை படத்தைப் பார்த்தும் இது எனக்குத் தோன்றவே இல்லை.

"பாத்தது ஞாபகம் இருக்கு, போட வரல. ரெண்டும் வேற வேற, தம்பி" என்றார் அக்கா.

இதை ஆய்வாளர்களும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, வாசித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். நமக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

அதன்பின் நான் கடைப்பிடித்தவை இவை. நீங்களும் செய்து பாருங்கள்:

1. கணக்கு திரையில் வந்ததும் வீடியோவை நிறுத்துங்கள். நோட்டில் நீங்களே போட்டுப் பார்த்த பிறகு ஓட விடுங்கள். அரை மணி நேர வகுப்புக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். 2எக்ஸ் வேகம் தெரிந்த பாடத்துக்கு மட்டும்.

2. என்பிடெல் பாடத்தைச் சும்மா பார்ப்பதை விட, அதில் பதிவு செய்து படியுங்கள். சான்றிதழ் மதிப்பெண்ணில் பொதுவாக வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25 சதவீதம், நேரடித் தேர்வுக்கு 75 சதவீதம். தனியாகப் படிப்பவருக்கு இல்லாத கெடு தேதியை அந்த அசைன்மென்ட் தருகிறது. ஆனால் விடையை வாட்ஸ்அப் குழுவில் வாங்கி நிரப்பினால் அந்த வாரம் வீண்.

3. ஆன்கி செயலியில் கார்டுகளை நீங்களே எழுதுங்கள். ஒரு கார்டுக்கு ஒரு கேள்விதான். 'செவ்வகத் துடிப்பின் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் என்ன?' என்று கேட்டு, 'சிங்க்' என்று பதில் எழுதினால் போதும். மறக்கப்போகும் நேரத்தில் செயலி திரும்பக் கேட்கும். காலை உணவுக்கு மெஸ் வரிசையில் நிற்கும் பத்து நிமிடம் எனக்கு இதற்குப் போதுமானதாக இருந்தது. அடுத்தவர் செய்த ஆயிரம் கார்டுகளை இறக்கியபோது அந்தப் பழக்கம் ஒரு வாரம்கூடத் தாண்டவில்லை.

4. மென்பொருளை ஓட்டும் முன் விடையை ஊகித்து எழுதுங்கள். மூன்று எண்களும் நான்கு எண்களும் உள்ள இரண்டு வரிசைகளைக் கன்வல்யூஷன் செய்தால் ஆறு எண்கள் வர வேண்டும். அதைக் கையால் போட்டுவிட்டு ஆக்டேவ் மென்பொருளில் ஓட்டிச் சரிபார்ப்பேன். தவறினால், எந்த வரியில் என்று தேடும்போதுதான் பாடம் மனதில் பதியும்.

5. சாட்ஜிபிடியிடம் விடை கேட்காதீர்கள். நீங்கள் போட்ட கணக்கைக் கொடுத்து, எந்தப் படியில் பிழை என்று மட்டும் கேளுங்கள். தப்பான சூத்திரத்தையும் அது தயங்காமல் சொல்லும். பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த செமஸ்டரிலேயே அரியர் முடிந்தது. பார்த்த வீடியோக்கள் முன்பைவிடக் குறைவு. நிரம்பிய நோட்டுகள் மூன்று.

ஊரில் ஒரு நல்ல ஆசிரியர்கூடக் கிடைக்காத பாடத்தையும் இன்று போனிலேயே கேட்க முடிகிறது. அது பெரிய வரம். ஆனால் நமக்காக நினைவுகூரும் வேலையை எந்தச் செயலியும் செய்யாது. இன்றிரவு ஒரு வகுப்பு பார்த்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வையுங்கள். வெள்ளைத்தாளில் ஐந்து நிமிடம் எழுதிப் பாருங்கள். எழுத வராமல் நிற்கும் இடம்தான் நாளைக்கு நீங்கள் படிக்க வேண்டிய இடம்.