வீட்டு முற்றத்தில் சம்பங்கி

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள பூக்கடைகளில் நாம் மாலைக்கு வாங்கும் சம்பங்கியை வீட்டு முற்றத்திலேயே வளர்க்கலாம். மலாய் மொழியில் இதனைச் 'சுண்டால் மாலாம்' என்பர்.

கிழங்கிலிருந்து பூக்கும் செடி என்றதும் சிலர் நாட்காட்டிப் படங்களில் காணும் மஸ்காரியை விரும்புகின்றனர். திராட்சைக் குலை போன்ற அந்த நீலமலர் மத்தியதரைக் கடல் நாடுகளுக்கு உரியது. பல வாரங்கள் குளிர் பட்டாலன்றி அதன் கிழங்கு பூப்பதில்லை. இரவிலும் வெம்மை தணியாத கிள்ளான் பள்ளத்தாக்கில் அதற்குச் செலவிடும் பணம் வீணே. சம்பங்கியோ மெக்சிகோவிலிருந்து வந்தது, வெயிலை விரும்புவது.

ஆயினும் தேங்கும் நீர் இதற்குப் பகை. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. ஏப்ரல், நவம்பர் மாதங்களை ஒட்டி அது மிகும். ஆகவே மழை சற்றுத் தணியும் ஜூன் மாதத்தில் நடுவது நலம். பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, சுற்றிலும் வடிகால் விடுதல் வேண்டும். களிமண்ணாயின் மணலும் மக்கிய சாணமும் கலக்கவேண்டும். பழைய எண்ணெய்த் தகரத்தில் நடுவோர் அடியில் துளையிடுக. கீழே தட்டு வைக்கவேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிட அத்தட்டு நீரே போதும்.

தோண்டிய கிழங்கை ஒரு மாதம் நிழலில் உலர்த்தி, இரண்டு விரல் ஆழத்தில், ஒரு சாண் இடைவெளியில் நடுக. மூன்று, நான்கு மாதங்களில் பூங்கதிர் எழும். ஓரடுக்குப் பூவே மாலைக்கு ஏற்றது. மணமும் அதற்கே மிகுதி. கதிரில் அடிப்பூ முதலில் மலர்ந்து, பின்னர் மேலேறும். விடியலில் பறிப்பதே சிறந்தது. மரம் சீவச் செல்வோர்க்கு அவ்வேளை வாய்க்காது, வீட்டிலிருப்போர்தாம் பறிக்கவேண்டும்.

மழைக்காலத்தில் இலைகள் வெளிறிச் சாய்ந்தால், தண்டின் அடியைப் பாருங்கள். அங்கே வெண்ணூல் போன்ற பூசணமும் கடுகளவு பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால், செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு அகற்றிவிடவேண்டும், எருக்குழியில் போடலாகாது. அவ்வுருண்டைகள் ஆண்டுக்கணக்கில் மண்ணில் அழியாமல் கிடக்கும். இரக்கப்பட்டு ஒரு செடியை விட்டுவைத்தால் பாத்தி முழுவதையும் இழக்க நேரும்.

ஒரு கிழங்கு ஒருமுறையே பூக்கும். அதன் பக்கத்தில் தோன்றும் குட்டிக் கிழங்குகளே அடுத்தடுத்துப் பூப்பவை. மூன்றாண்டுகளுக்குப் பின் தூரைத் தோண்டிப் பிரித்துப் பெரியவற்றை வேறிடத்தில் நடுக. சிறியவை பருக்க மேலும் ஓராண்டு ஆகும்.