வீட்டினுள்ளே மாடிப்படி அமைத்தல்

காவிரிப் பாசனப் பகுதியில் ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்கும் புயலுக்கும் உரிய மாதங்கள். அப்பொழுது சம்பாப் பயிர் வயலில் நிற்கும். அறுத்த குறுவை நெல் வீட்டில் இருக்கும். வெள்ளம் வாசலை எட்டுமாயின் முதியோரையும் குழந்தைகளையும், நெல் மூட்டைகளையும் நிலப் பத்திரங்களையும் மாடிக்கு ஏற்றுவதே குடியானவரின் முதல் வேலையாகும்.

திருவாரூர் மாவட்டத்துக் கிராமங்களில் மாடி வீடுகள் இன்று சாதாரணமாகக் காணப்படுகின்றன. ஆனால் அவற்றுள் பலவற்றில் மாடிப்படி வீட்டிற்கு வெளியே இருக்கிறது. முதலில் கீழ்வீட்டை மட்டும் கட்டி, மொட்டை மாடிக்கு ஏற வெளியில் படி வைத்து, பிறகு வசதி வந்தபோது மேலே அறைகள் எழுப்பியதே இதற்குக் காரணம்.

2018 நவம்பர் 16-ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. அத்தகைய இரவில், மின்சாரம் அற்ற இருளில், மரக்கிளைகள் முறிந்து விழும்போது, பாசி படர்ந்த வெளிப்படியில் முதியவர் ஒருவரை ஏற்றுவதோ இறக்குவதோ எவ்வளவு அபாயமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆதலால் வீட்டினுள் ஒரு படி அமைப்பது நலம். ஆனால் அதை முறையாகச் செய்யாவிடில், புயலைவிடப் பெரிய ஆபத்தை வீட்டினுள் நாமே வரவழைத்தவர்களாவோம். கடப்பாரையை எடுக்குமுன் அளவுகோலை எடுக்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் சாரம்.

படியின் கணக்கு

நம் முன்னோர் வீடுகளில் மச்சுக்கு ஏற உள்ளேயே மரப்படி இருந்தது. அது குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். எப்போதோ ஒருமுறை பண்டம் எடுக்க ஏறுவதற்கு அது போதும். நாள்தோறும் பலமுறை ஏறி இறங்க அது ஏற்றதன்று.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குள்ள உயரத்தை ஏற்றம் என்றும், கால் வைக்கும் இடத்தின் அகலத்தை மிதி என்றும் கொள்வோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி குடியிருப்பு வீடுகளில் ஏற்றம் 19 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. மிதி 25 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. இரண்டு ஏற்றமும் ஒரு மிதியும் கூட்டினால் சுமார் 24 அங்குலம் வர வேண்டும் என்பது 17-ஆம் நூற்றாண்டில் பிளாண்டல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் மனிதனின் நடையைக் கொண்டு வகுத்த விதியை ஒட்டியது. இன்றும் அது பயன்படுகிறது.

ஓர் உதாரணம் காண்போம். கீழ்த்தரையிலிருந்து மேல்தரை வரை 10½ அடி, அதாவது 126 அங்குலம். ஏற்றம் 7 அங்குலமாயின் 18 ஏற்றங்கள் வரும். மிதிகள் அதற்கு ஒன்று குறைவாக 17. மிதி 10 அங்குலமாயின் படியின் நீளம் 170 அங்குலம், அதாவது 14 அடி 2 அங்குலம். இவ்வளவு நீளம் கூடத்தில் இல்லையெனில், நடுவில் 3 அடித் தட்டு ஒன்று வைத்து, ஒன்பது ஏற்றங்களாக இரண்டு வரிசைகளில் மடக்கிக் கட்டலாம். அப்போது 9 அடி 8 அங்குல நீளமும், படி 3 அடி அகலமாயின் சுமார் 6½ அடி அகலமும் போதும். ஏறத் தொடங்குமிடத்தில் நிற்க 3 அடி இடம் தனியே விடுக. மூட்டை சுமப்பவர் திரும்புவதற்கு இது அவசியம்.

எல்லா ஏற்றங்களும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். கால் ஓர் அளவுக்குப் பழகியபின், மாறுபட்ட ஒரே ஒரு படியே ஆளை வீழ்த்திவிடும். தரையில் பின்னர் ஓடு பதிப்பதால் முதற்படியும் கடைசிப்படியும் மாறிவிடுவது உண்டு. எனவே ஓட்டின் கனத்தையும் சேர்த்தே உயரத்தை அளக்க வேண்டும்.

தளத்தில் வழி திறத்தல்

படிக்கும் அதற்கு மேலுள்ள தளத்திற்கும் இடையே 2.2 மீட்டர், அதாவது சுமார் 7 அடி 3 அங்குலம், வெற்றிடம் வேண்டும். மேற்கண்ட வீட்டில் தளத்தின் கனம் 5 அங்குலமாயின், நேர்ப்படிக்கு ஐந்தாம் படியிலிருந்தே தளம் திறந்திருக்க வேண்டும். அந்தத் திறப்பின் நீளம் 10 அடி 10 அங்குலமாகும். மேலே அறை சிறுத்துவிடும் என்று சிறு திறப்பாக விட்டால், ஏறுபவர் தலை இடிபடும்.

இவ்வளவு பெரிய திறப்பைக் கான்கிரீட் தளத்தில் வெட்டும்போது பாரம் தாங்கும் கம்பிகளும் அறுபடும். இருபுறச் சுவர்களில் மட்டும் தங்கும் தளத்தில் முக்கியக் கம்பிகள் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குச் செல்லும். திறப்பின் நீளம் அக்கம்பிகள் ஓடும் திசையிலேயே, ஓரச் சுவரை ஒட்டி அமைந்தால் அறுபடும் கம்பிகள் குறையும். உத்திரத்தை எக்காரணம் கொண்டும் வெட்டலாகாது. தளத்திற்கு முட்டுக் கொடுத்து, திறப்பின் விளிம்புகளைத் தாங்க உத்திரம் அமைத்த பின்னரே உடைக்க வேண்டும். கம்பியின் திசையையும் உத்திரத்தின் அளவையும் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்தே சொல்ல முடியும். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண் செலவென்று எண்ணுதல் தவறு.

தேக்குக் கட்டைகளின் மேல் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தலாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம் பழைய வீடுகளில் உண்டு. அதில் ஒரு கட்டையை நடுவில் அறுத்தால் அதன் முனை தொங்கிவிடும். மேலிருக்கும் செங்கற்களும் சரியும். அறுத்த முனைகளைக் குறுக்குக் கட்டையொன்று தாங்கி, பாரத்தை இருபக்கத்து முழுக் கட்டைகளுக்கும் கொடுக்க வேண்டும். அக்கட்டைகள் கரையான் அரிக்காதவையா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடித்தளமும் மண்ணும்

நமது களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். கூடத்துத் தரையின் மேலேயே செங்கற்படியை எழுப்பினால் அது தனியே இறங்கி, சுவரினின்று விலகும். ஆகவே படியின் அடிக்குத் தனி அஸ்திவாரம் தோண்டி, அதை வீட்டு அஸ்திவாரத்தின் ஆழத்திற்குக் கொண்டு செல்க. தோண்டும்போது பழைய அஸ்திவாரத்தின் அடிமண் சரியாதபடி காத்துக்கொள்க.

வேலைக்கு ஏற்ற காலம் சம்பா, தாளடி அறுவடை முடிந்தபின், மாசி முதல் வைகாசி வரையாகும். மழை தொடங்குமுன் கான்கிரீட் இறுகிவிடும். முட்டுகளைக் குறைந்தது 14 நாட்கள் எடுக்கலாகாது. நாள்தோறும் நீர் விட்டு வருதல் வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. கைப்பிடி ஒரு மீட்டர் உயரம் இருக்கட்டும். கம்பிகளின் இடைவெளி குழந்தையின் தலை நுழையாதபடி 4 அங்குலத்திற்குள் அமைக.

2. படி விளிம்புகளில் வெள்ளை வண்ணம் தீட்டுக. மின்சாரம் இல்லாத இரவில் சிறு விளக்கொளியிலும் அவை தெரியும்.

3. விறகடுப்பின் அருகே படி வேண்டாம். திறப்பு வழியே புகையும், தீப்பற்றினால் தீயும் மாடிக்கு ஏறும். படிக்கு அடியில் எரிவாயு உருளை, மண்ணெண்ணெய் முதலியவற்றை வைக்கலாகாது.

4. பழைய வெளிப்படி உறுதியாயின் அதை இடிக்க வேண்டாம். ஒரு வழி அடைபட்டால் மற்றொன்று உதவும்.

5. கட்டட மாற்றத்திற்குரிய அனுமதியைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிக.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் கிராமத்தில் இவ்வேலை தொடங்கும் வீடுகளுக்குச் சென்று, தளத்திற்கு முட்டுக் கொடுக்கப்பட்டதா, பொறியாளர் பார்த்தாரா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்பார்களாயின் அதுவே பெரும் தொண்டாகும். கொத்தனார்களையும் ஓரிடத்தில் கூட்டி இந்தக் கணக்கை ஒருமுறை விளக்கினால், அதன் பயன் அடுத்த மழைக்காலத்திலேயே பல வீடுகளில் தெரியும்.