வியாழக்கிழமை மாலை யாருக்கு?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. துறைத் தேர்வுக்குப் படிக்க வேண்டும்; புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம், சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி, மாதம் ஒருமுறை சேகரக் கமிட்டி. இதற்கு நடுவே மூன்று வயதில் ஒன்றும் ஆறு வயதில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இரண்டும் உன் முதுகில் ஏறி யானைச் சவாரி செய்கிற அந்த அரைமணி நேரம்தான் நாள் முழுவதிலும் சந்தோஷமானது என்கிறாய். ஆனால் இறக்கிவிட்ட மறுநிமிடமே, படிப்பு போயிற்றே, கூட்டத்துக்குப் போகவில்லையே என்று மனம் குறுகுறுக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். மூன்றுக்கும் நேரத்தை எப்படிச் சமமாகப் பங்கிடுவது என்று கேட்கிறாய். பங்கீட்டுக் கணக்கால் இது தீராது என்று எனக்குப் படுகிறது. அலுவலகத்துக்கு நேரம் குறித்திருக்கிறது. ஆராதனைக்கு மணி அடிக்கிறது. தேர்வுக்குத் தேதி அறிவித்துவிட்டார்கள். உன் வாரத்தில் குறித்த இடம் இல்லாதவர்கள் உன் பிள்ளைகள் மட்டுமே. அவர்களுக்குக் கிடைப்பது மிச்சம். மிச்சத்தில் அனுபவிக்கிற சந்தோஷம், வேறு யாருக்கோ சேரவேண்டியதை எடுத்துக்கொண்டது போல உறுத்தத்தான் செய்யும். பிள்ளைகளுக்கு இன்னும் நிறைய நேரம் கொடு என்று நான் சொல்லவில்லை. கொடுக்கிற கொஞ்ச நேரத்துக்கு ஒரு கிழமையும் மணியும் குறித்துவிடு என்பதுதான் என் வாதம்.

இதற்கு நான் காட்டும் சான்று இங்கிலாந்தில் இருந்தாலும் அதன் வேர் தரங்கம்பாடியில் இருக்கிறது. மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கினார்கள். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் 1709-ல் லண்டனில் ஆங்கிலத்தில் புத்தகமாக வெளிவந்தன. லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்ற ஊரின் குருமனையில், குருவானவர் சாமுவேல் வெஸ்லியின் அறையில் அந்தப் புத்தகம் கிடந்தது. 1711-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அவர் திருச்சபைப் பேரவைக்காக லண்டன் போயிருந்தபோது மகள் எமிலி அதைக் கண்டெடுத்தாள். தாய் சூசன்னா அதைப் படித்து நெகிழ்ந்துபோனார். இப்படி நெகிழ்கிறவர்கள் வழக்கமாகச் செய்வது மிஷன் பணிக்குக் காணிக்கை அனுப்புவது, அல்லது ஊரில் ஓர் ஐக்கிய சங்கம் தொடங்குவது. சூசன்னாவோ தன் பிள்ளைகளிடமிருந்து தொடங்கினார். 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அந்த ஏற்பாட்டை விவரிக்கிறார்: திங்கள் மாலை மாலிக்கு, செவ்வாய் ஹெட்டிக்கு, புதன் நான்சிக்கு, வியாழன் ஜாக்கிக்கு, வெள்ளி பாட்டிக்கு, சனி சார்லஸுக்கு, ஞாயிறு எமிலிக்கும் சூக்கிக்கும் சேர்த்து. எட்டுப் பிள்ளைகளுக்கு ஏழு மாலைகள். தன்னால் ஒதுக்க முடிந்த அளவு நேரம், ஒவ்வொருவரோடும் தனித்தனியாக. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகள் பகலெல்லாம் தாயோடு இருந்தவர்கள்தாம். காலையில் மூன்று மணி நேரம், மதியத்துக்குமேல் மூன்று மணி நேரம் என்று வீட்டிலேயே அவர் பள்ளிக்கூடம் நடத்தினார். ஆக, கூட இருக்கும் மணிகளின் எண்ணிக்கையில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியிருந்தும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கே உரிய ஒரு மாலை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அந்த வியாழக்கிழமை ஜாக்கிதான் பிற்காலத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. சனிக்கிழமைச் சார்லஸ் ஆயிரக்கணக்கில் ஞானப்பாட்டு எழுதியவர். பிரசங்கங்களில் இந்தக் கதையை இங்கே கொண்டுவந்து முடித்துவிடுவார்கள்: பார்த்தீர்களா, அப்படி வளர்த்தால் இப்படி ஆவார்கள்! நான் அப்படிச் சொல்லமாட்டேன். செவ்வாய்க்கிழமைக்குரிய ஹெட்டியும் அதே பட்டியலில்தான் இருந்தாள். கவிதை எழுதும் திறமை அவளுக்கும் இருந்தது. ஆனால் அவள் வாழ்க்கை ஒட்டாத ஒரு திருமணத்தில் சிக்கிக்கொண்டது. தகப்பன் அவளைக் கடைசிவரை மனமார ஏற்கவில்லை. பிள்ளை என்னவாக ஆனது என்பதை வைத்து அந்த மாலைகளை எடைபோட்டால் ஜானைக் காட்டுகிற கையால் ஹெட்டியையும் காட்டியாக வேண்டும். எனக்குச் சான்றாகப் படுவது வேறு. ஜான் ஆக்ஸ்போர்டில் ஆசிரியராகி, முப்பதை நெருங்கும் வயதில் தாய்க்கு எழுதுகிறார்: அந்த வியாழக்கிழமை மாலையில் ஒரு சிறு பகுதியையாவது எனக்கு மறுபடியும் ஒதுக்க முடியுமா என்று கேட்கிறார். படித்தவை எத்தனையோ மறந்திருக்கும். கிழமை மறக்கவில்லை.

சூசன்னாவை அப்படியே பின்பற்றலாமா என்று நீ கேட்பாய். கூடாது. பிள்ளைகள் ஒரு வயது நிறைந்ததுமே, சிலர் அதற்கு முன்பே, பிரம்புக்குப் பயப்படவும் சத்தமில்லாமல் அழவும் பழக்கப்பட்டார்கள் என்று 1732-ல் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துக் குருமனை ஒழுக்கம் அது. மாலையை எடுத்துக்கொள், பிரம்பை அங்கேயே விட்டுவிடு.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சந்தோஷம் அட்டவணை பார்த்தா வரும்? நீ எழுதிய யானைச் சவாரியை யாரும் திட்டமிடவில்லை. உண்மைதான். சின்னப் பிள்ளையின் சந்தோஷத்துக்கு நேரம் குறிக்க முடியாது. ஆலயத்தில் காணிக்கை போடுவதற்காக மூன்று வயதுப் பிள்ளையின் கையில் ஐந்து ரூபாய் நாணயம் கொடுத்திருப்பார்கள். பிள்ளை அதை வியர்த்த உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, பை அருகில் வந்ததும் போடமாட்டேன் என்று கையைப் பின்னால் மறைக்கும். பக்கத்து வரிசைவரைக்கும் சிரிப்பு. இதற்கெல்லாம் யார் மணி குறிக்க முடியும்? ஆனால் நேரம் குறிப்பது பிள்ளைக்காக அல்ல, உனக்காக. பிள்ளை எந்த நேரமும் விளையாடத் தயார். ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் அதன் குறை. உடம்பு பாயில் கிடக்க, கண் கைப்பேசியில், மனம் பாடத்திட்டத்தில் என்று இருக்கும் தகப்பனுக்கு, அந்த நாணய வேடிக்கை கண்முன்னே நடந்தாலும் தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொன்ன கதையையே திரும்பச் சொல்லச் சொல்வதும், ஒரு வார்த்தை மாறினால் சண்டைக்கு வருவதும் இந்த வயதின் இயல்பு. மறுபடி வரும் என்று தெரிந்த ஒன்றுக்காகக் காத்திருப்பதே அவர்களுக்குப் பாதி சந்தோஷம். 'இன்னைக்கு என் நாள்தானே அப்பா?' என்று பெரியவன் காலையிலேயே கேட்கத் தொடங்கிவிட்டால், அந்தக் கேள்வியும் உன் அரைமணி நேரத்தோடு சேர்ந்ததுதான்.

அப்புறம் சபை. ஊழியத்தைக் குறைத்துக்கொண்டு வீட்டில் பிள்ளைகளோடு விளையாடுவது சாக்குப்போக்கு ஆகாதா என்று உன் சேகரத்தில் யாராவது கேட்கக்கூடும், பெரியவர்கள் கேட்பார்கள். மாற்கு பத்தாம் அதிகாரத்தை அவர்களோடு சேர்ந்து வாசித்துப் பார். குழந்தைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டியவர்கள் பகைவர்கள் அல்ல, சீஷர்கள். போதகருடைய வேலைக்கு இடைஞ்சல் என்பது அவர்கள் எண்ணமாக இருந்திருக்க வேண்டும். இயேசு எருசலேமை நோக்கிப் போகிற பயணத்தில் இருக்கிறார். அதைவிடப் பெரிய இலக்கு எந்த ஊழியத்துக்கும் கிடையாது. ஆனாலும் அவர் கோபப்பட்டது குழந்தைகளிடம் அல்ல, சீஷர்களிடம்தான். உபாகமம் ஆறாம் அதிகாரமும் பிள்ளைகளுக்குப் போதிப்பதற்கு நான்கு வேளைகளைச் சொல்கிறது: வீட்டில் இருக்கையில், வழியில் நடக்கையில், படுக்கையில், எழும்பும்போது. நான்கில் ஒன்றுகூட ஆசரிப்புக் கூடாரத்தில் இல்லை. சபையை நான் குறைத்துப் பேசவில்லை. பாடகர் குழுவில் நீ பாடாவிட்டால் உன் மகன் கீர்த்தனையை எங்கே கேட்பான்? ஆனால் சபையின் வேலை எப்போதும் முடியாதது. முடியாத வேலைக்கு நீதான் எல்லை போட வேண்டும். சூசன்னாவின் வீட்டிலேயே அதற்கு ஒரு விசித்திரமான சாட்சி உண்டு. அதே குளிர்காலத்தில் ஞாயிறு மாலைக் குடும்ப ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி, கூட்டம் இருநூறையும் தாண்டிவிட்டது. ஆலயத்துக்குப் போட்டியாக நடக்கிறது என்று உதவிக் குரு லண்டனுக்குப் புகார் எழுதுமளவுக்கு! வீட்டுக்கு ஒதுக்கிய நேரம் சபையைக் காலியாக்கும் என்ற பயத்துக்கு அந்த ஊரில் ஆதாரம் கிடைக்கவில்லை.

உன் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. படி. தன்னால் ஒதுக்க முடிந்த நேரம் என்று சூசன்னா அளவு வைத்தார். தன் வாசிப்புக்கும் ஜெபத்துக்கும் எழுத்துக்கும் தனி வேளை வைத்திருந்தார். தொடங்கும் மணி இருந்தால் முடியும் மணியும் இருக்கும். அரைமணி முடிந்ததும் புத்தகத்தை எடுத்தால் யாருக்கும் நீ கடன்காரன் இல்லை. தேர்ச்சி பெற்று வெளியூருக்கு மாற்றல் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று இப்போதே கவலைப்படாதே. 1530-ல் மார்ட்டின் லூத்தர் பேரரசின் தடை காரணமாக ஆக்ஸ்பர்க் மாநாட்டுக்குப் போக முடியாமல், கோபுர்க் கோட்டையில் ஏறக்குறைய அரை வருஷம் தங்கியிருந்தார். திருச்சபையின் தலைவிதியே பேசப்பட்ட மாதங்கள் அவை. கையில் தீர்க்கதரிசிகளின் மொழிபெயர்ப்பு வேறு. அங்கிருந்து நான்கு வயது மகன் ஹான்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஆப்பிள் பழமும் வெள்ளிச் சேணம் போட்ட சின்னக் குதிரைகளும் உள்ள ஒரு தோட்டத்தைப் பற்றி. உபதேசமும் அதில் உண்டு, ஆனால் குதிரைகளோடு சேர்ந்தே வருகிறது.

முதலில் பெரியவனுக்கு ஒரு கிழமை, சின்னவளுக்கு ஒரு கிழமை குறித்துக்கொள். வீட்டில் நீங்கள் இருவரும் பேசி, உன் மனைவிக்கும் அதேபோல ஆளுக்கு ஒரு மாலை வரட்டும்; பிள்ளைகளோடு விளையாடும் பங்கு உனக்கும், குளிப்பாட்டிச் சோறூட்டும் பங்கு அவளுக்கும் என்று ஆகிவிடக் கூடாது. கமிட்டிச் செயலாளரிடம் அந்த நாட்களை முன்கூட்டியே சொல்லிவிடு, காரணத்தோடு. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கினால் எல்லாம் குலையும். அந்த வாரம் நாளை மாற்றலாம், ஆனால் மாற்றியதை அவனிடமும் அவளிடமும் நீயே நேரில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்