மெல்ல வளரும் டி-செல் இரத்தப் புற்றுநோய்: கண்டறிவது எவ்வாறு?

எல்லா இரத்தப் புற்றுநோய்களும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. எல்.ஜி.எல். லுகேமியா என்பது அரிதாகக் காணப்படும், பல ஆண்டுகள் மெல்ல வளரும் நோய். இதன் பெரும்பான்மை வகை, வைரஸ் கிருமிகளை அழிக்கும் டி-செல்களில் தோன்றுகிறது. 60 வயதை ஒட்டியவர்களிடமே இது மிகுதி.

ஐயம் எழுவது எப்போது?

சிலருக்கு எவ்வித அறிகுறியும் இராது. வேறு காரணத்துக்காகச் செய்த இரத்தப் பரிசோதனையில் தெரியவரும். சிலருக்கு நியூட்ரோபில் எனும் வெள்ளணுக்கள் குறைந்து, வாய்ப்புண்ணும் நோய்த்தொற்றும் திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு இரத்தசோகை ஏற்படும், மண்ணீரல் பெரிதாகலாம். முடக்குவாதம் உள்ளவர்களிடம் இந்நோய் சேர்ந்து காணப்படுவதும் உண்டு.

பரிசோதனைகள்

1. இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் நுண்ணோக்கிப் பரிசோதனையும்: துகள்கள் நிறைந்த பெரிய நிணவணுக்கள் மிகுந்துள்ளனவா என்று பார்க்கிறோம்.

2. ஃப்ளோ சைட்டோமெட்ரி: அணுவின் மேற்பரப்பிலுள்ள சி.டி.3, சி.டி.8, சி.டி.57 போன்ற அடையாளங்களைக் கொண்டு அதன் வகையை அறிகிறோம்.

3. டி-செல் ஏற்பி மரபணுச் சோதனை: வைரஸ் காய்ச்சலுக்குப் பின் பல குலங்களைச் சேர்ந்த டி-செல்கள் பெருகும். இந்நோயிலோ ஒரே தாய் அணுவிலிருந்து தோன்றிய குலம் பெருகியிருக்கும்.

4. எஸ்.டி.ஏ.டி.3 மரபணுச் சோதனை: ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் இம்மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது.

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. ஐயம் நீங்காதபோது செய்கிறோம்.

ஏன் காத்திருக்கச் சொல்கிறோம்?

முதியோரிடம் நோயின்றியும் ஒரே குல டி-செல்கள் ஓரளவு பெருகியிருக்கக்கூடும். எனவே ஒரு சோதனையைக் கொண்டு மட்டும் முடிவு கூற இயலாது. பெருக்கம் 6 மாதங்களுக்கு மேல் நீடிக்கிறதா என்று மீண்டும் பார்ப்பதுண்டு. இது காலதாமதம் அன்று. தேவையற்ற மருந்தைத் தவிர்க்கும் வழி.

நோய் உறுதியானாலும் பலருக்கு உடனே சிகிச்சை தேவைப்படாது. நியூட்ரோபில் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்கும் கீழே குறைந்தாலோ, தொற்றுகள் தொடர்ந்தாலோ, அடிக்கடி இரத்தம் ஏற்ற நேர்ந்தாலோ சிகிச்சை தொடங்குவோம். குறைந்த அளவு மெத்தோட்ரெக்ஸேட், சைக்ளோபாஸ்பமைடு, சைக்ளோஸ்போரின் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன.

குடும்பத்தினர் கவனத்திற்கு

• பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கைகளைத் தேதி வரிசையில் கொண்டு வாருங்கள். அணுக்கள் எப்போது மாறத் தொடங்கின என்பதை அவையே காட்டும்.

• உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் தெரிவியுங்கள்.

• நியூட்ரோபில் குறைந்தவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், காய்ச்சல் மாத்திரை கொடுத்துக் காத்திராமல், இரவாயினும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நோய் மெதுவானதுதான், தொற்றோ விரைவானது.